நாலாவது ஸ்டேஷனின் பாதி வரி

டில்லிபாபு நல்லவன் என்று மணிமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது. தெருவில் யார் வீட்டு டிவி மக்கர் செய்தாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பான். அதே தெரு மஞ்சுளாவின் வேலை போனதற்கும் அந்த நல்ல குணம்தான் காரணம் என்பது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

வயது முப்பத்தொன்பது. ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டு, ஒரகடத்தில் வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தவன். அப்பா நடேசன் பயிர் வைத்த நிலத்தின் மேல் இப்போது அகலமான சாலை போகிறது. அந்தச் சாலையில்தான் கம்பெனி பஸ் தினமும் அவனை ஏற்றிக்கொண்டு போகிறது. அதற்காக அவன் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. சேற்றில் நிற்பதைவிட ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது மேல் என்று வெளிப்படையாகவே சொல்வான்.

கம்ப்யூட்டர் முன்னால் அவன் வந்து உட்கார்ந்தது கொரோனா வருடத்தில். சோதனை மெஷின்களின் புரோகிராமை எழுதிய இன்ஜினியர்கள் பெங்களூரில் மாட்டிக்கொண்டார்கள். மெஷின் நின்றால் லைன் நிற்கும். ஃபோனில் அவர்கள் சொல்லச் சொல்ல, ஒரு விரலால் தட்டித் தட்டி இவன் ஓட வைத்தான். பிறகு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். இரண்டே வருடத்தில் ஆறு ஸ்டேஷன்களின் புரோகிராமையும் பிரித்துப் போட்டு, முதலிலிருந்து தானே எழுதினான். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எழுதினான். ஆனால் கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘டெக்னீஷியன்’ என்றுதான் இருந்தது. தண்டலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து நேராக வந்து சேரும் பிள்ளைகள் ‘இன்ஜினியர்’. அவர்கள் இவனிடம் வேலை கற்றுக்கொள்வார்கள், இவன் அவர்களை சார் என்று கூப்பிடுவான். இரண்டு வருடத்தில் அவர்கள் வேறு கம்பெனிக்குப் பறந்துவிடுவார்கள், அடுத்த சார் வருவார். இந்த எரிச்சலை அவன் யாரிடமும் காட்டியதில்லை. அத்தனையையும் வேலையில் காட்டினான்.

ஆறு ஸ்டேஷன் என்றால், பிரேக் பாகத்தைப் பொருத்தி, காற்றழுத்தம் கொடுத்து, கசிகிறதா என்று பார்க்கும் ஆறு மேடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நிற்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி புரோகிராம், ஆறும் ஓடுவது ஒரே கம்ப்யூட்டரில். ஒரு பாகம் சோதித்து முடிந்ததும் அந்தந்த புரோகிராம் ஒரு வரி எழுதும்: நேரம், எந்த ஸ்டேஷன், நின்ற ஆளின் நம்பர், எவ்வளவு அழுத்தம், எந்த முறையில் சோதித்தது, முடிவு. ஆறும் ஒரே கோப்பில் எழுதும். அந்தக் கோப்புக்குத்தான் லாக் என்று பெயர். பிரேக் விஷயம் என்பதால் பத்து வருடத்துக்கு அதை அழிக்கக் கூடாது.

டில்லிபாபுவின் பெருமையெல்லாம் அந்த லாக்தான். எந்த வரியை எடுத்தாலும் எண்ணி வைத்தாற்போல் நூற்று இருபத்தெட்டு எழுத்து, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. திரையில் ஓடவிட்டால் ஆறு ஸ்டேஷனுக்கும் ஆறு நிறம். வெளியிலிருந்து யாராவது ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தால், குவாலிட்டி மேனேஜர் பேச்சிராஜ் அவர்களை இந்தத் திரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தாமல் விடமாட்டார். எழுதி முடித்த அன்றைக்கு டில்லிபாபு ஆறு புரோகிராமையும் ஒன்றாக ஓடவிட்டு, இரண்டு மணி நேரம் திரையைக் கண்கொட்டாமல் பார்த்தான். ஒரு வரி பிசகவில்லை. சோதித்தாகிவிட்டது என்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டான்.

“லாக்ல இருந்தா நடந்துது. லாக்ல இல்லன்னா நடக்கல. அவ்ளோதான்” என்பான். கேன்டீனில்கூட அதைச் சொல்லிச் சொல்லி, அவன் தலையைக் கண்டால் மற்றவர்களே அதைச் சொல்லிக் கிண்டல் செய்வார்கள்.

மஞ்சுளா நாலாவது ஸ்டேஷனில் நிற்பவள். அவளும் மணிமங்கலம்தான், இவன் வீட்டிலிருந்து ஆறாவது வீடு. கணவன் வெங்கடேசன் படப்பையில் டயர் கடை வைத்திருக்கிறான். ஒன்பது வருடமாக அதே கம்பெனி, அதே பஸ், அதே முன் சீட்டு. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை சுத்தம். அவள் நின்ற மேடையிலிருந்து கசிகிற பாகம் வெளியே போனதாக ஒரு புகார் வந்ததில்லை. வரும் சித்திரையில் அவளை லைன் லீடர் ஆக்கப் போகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது. டில்லிபாபுவை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பஸ்ஸில் அவனுக்கு இடம் பிடித்து வைப்பாள்.

போன நவம்பரில், பாகங்களை வாங்குகிற வண்டிக் கம்பெனியிலிருந்து தரத்தைச் சரிபார்க்க ஒரு ஆடிட்டர் வந்தார். லாக் எழுத ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைத் திறந்து படித்த முதல் ஆள் அவர்தான். அந்த மாதத்துக் கோப்பை எடுத்து, பைபாஸ் என்று வரும் வரிகளை மட்டும் தனியாகப் பிரித்தார். பைபாஸ் என்றால் சோதிக்காமலே பாஸ் போடுவது. அதற்கு ஒரு சாவி உண்டு. திங்கட்கிழமை காலையில் மெஷின்களைச் சரிபார்க்கும்போது மெயின்டனன்ஸ் ஆட்கள் மட்டும் அந்தச் சாவியைப் போட்டு, ஸ்டேஷனுக்கு ஒரு மாதிரித் துண்டை ஓட்டுவார்கள். எனவே எல்லா வரியிலும் மெயின்டனன்ஸ் யேசுராஜின் நம்பர் இருந்தது. ஒரு வரியில் மட்டும் இப்படி இருந்தது: காலை ஆறு நாற்பத்திரண்டு, நாலாவது ஸ்டேஷன், ஆள் 2217, அழுத்தம் சைபர், பைபாஸ், பாஸ்.

2217 மஞ்சுளா.

பிரேக்கைச் சோதிக்காமல் அனுப்பினாள் என்றால் அது லேசான பழி இல்லை. அன்று மத்தியானமே அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். பேச்சிராஜ் இருந்தார், எச்ஆர் ஷாலின் மேடம் இருந்தாள், லாக்கைப் பற்றிக் கேட்டால் சொல்ல டில்லிபாபுவும் இருந்தான்.

“நான் போடல சார். சாவியே எங்கிட்ட இல்லியே, நான் எப்பிடி போடுவேன்?” என்றாள் மஞ்சுளா.

“யேசுராஜ் சாவியை மெஷின்லயே விட்டுட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அவன் எங்க ஒத்துக்கிடப் போறான்?” பேச்சிராஜ் டில்லிபாபு பக்கம் திரும்பினார். “இது தப்பா விழ வாய்ப்பு இருக்காடே?”

அந்த ஒரு நிமிடத்தில் அவன் “பார்த்துட்டு சொல்றேன் சார்” என்று சொல்லியிருக்கலாம். எவன் வேண்டாம் என்றான்? ஆனால் இரண்டு இளம் இன்ஜினியர்கள் மூலையில் நின்றுகொண்டிருந்தார்கள். தன் லாக்கைப் பற்றிய கேள்வி இது. மடிக்கணினியைத் திறந்து, ஆறு புரோகிராமையும் ஓடவிட்டு, சுவரில் இருந்த பெரிய திரையில் காட்டினான். ஆறு நிறத்தில் வரிகள் ஒவ்வொன்றாக, முழுசு முழுசாக, அழகாக வந்து விழுந்தன. பத்து நிமிடம் எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை, ஒன்று அறுந்துபோகவில்லை.

“சான்ஸே இல்ல சார்” என்றான்.

மஞ்சுளாவும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் நேராக டில்லிபாபு வீட்டுக்கு வந்தாள். இப்போது அவன் செய்ததைச் சொன்னால் அவன்மேல் கோபப்படக்கூடத் தோன்றாது. அவ்வளவு அக்கறையாகச் செய்தான். அந்தக் கம்பெனியில், அந்தக் கம்பெனியில் மட்டுமா, ஒரகடம் முழுக்கவே ஒரு வழக்கம் உண்டு. லைனில் ஃபோன் பார்த்தாலும் சரி, லேட்டாக வந்தாலும் சரி, பாகத்தைக் கீழே போட்டாலும் சரி, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘இனி இவ்வாறு நடக்காது என்று உறுதி அளிக்கிறேன்’ என்று முடிய வேண்டும். மூன்று நாள் வீட்டில் உட்கார வைப்பார்கள், நாலாம் நாள் வேலைக்குப் போகலாம். மறுத்துப் பேசிக்கொண்டு நிற்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். டில்லிபாபுவே நாலைந்து கடிதம் எழுதியவன்.

“அண்ணா, நான் போடலண்ணா. சாமி சத்தியமா.”

“மஞ்சு, நீ வேணும்னு செஞ்சன்னு யாரு சொன்னது? அவசரத்துல கை பட்டிருக்கும். டார்கெட் டென்ஷன்ல உனக்கே தெரிஞ்சிருக்காது. லாக்ல விழுந்துகீது பாரு, அத்த யாராலயும் மாத்த முடியாது.”

“அப்போ இன்னா பண்றது?”

“எழுதிக் குடுத்துடு. மூணு நாள்ல முடிஞ்சிடும். இல்லன்னுகினு நின்னா என்கொயரி, அது இதுன்னு இழுப்பாங்கோ.”

“எனக்கு எழுத வராதுண்ணா, நீயே சொல்லு” என்றாள் மஞ்சுளா. அவன் சொன்னான். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் சொன்னான். ‘உற்பத்தி எண்ணிக்கையை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் நானே பைபாஸ் போட்டுவிட்டேன்’ என்ற வரியும் அவன் சொன்னதுதான். காரணம் போடாத கடிதத்தை ஷாலின் மேடம் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பது அவன் அனுபவம். மஞ்சுளா அந்த வரியில் மட்டும் பேனாவை எடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

“எழுது, ஒண்ணும் ஆவாது” என்றான்.

லாக் அவனுடையது, கடிதத்தில் உள்ள வார்த்தை அவனுடையது, கையெழுத்து மட்டும் அவளுடையது.

ஃபோன் பார்த்ததற்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் உண்டு என்பது ஐந்தாம் நாள் தெரிந்தது. வண்டிக் கம்பெனிக்கு பதில் அனுப்ப வேண்டியிருந்தது. தவறு செய்தவர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார், வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்று அனுப்பினார்கள். அந்த ஒரே வரியில் ஆடிட் முடிந்தது. ஒன்பது வருடத்துக்கு அவளிடம் திருப்பிக் கேட்டது அட்டையும் ஷூவும் மட்டும். அத்தோடு போயிற்றா என்றால் இல்லை. ஆள் எடுத்துத் தரும் கான்ட்ராக்டர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள். வல்லம், வடகாலில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் அவள் போன இடத்திலெல்லாம் ஆதார் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மார்கழி பிறக்கும்போது அவள் படப்பையில் வெளிமாநிலப் பையன்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் காய் நறுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

டில்லிபாபு வருத்தப்பட்டான். “மூணு நாள்னுதான் நெனச்சேன்” என்று வெங்கடேசனிடம் இரண்டு தடவை சொன்னான். ஆனால் அவள் பைபாஸ் போட்டாள் என்பதில் அவனுக்குக் கடுகளவு சந்தேகம் வரவில்லை. பாவம், செய்துவிட்டாள், மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்தான்.

ஆடிட்டுக்குப் பிறகு புது ஏற்பாடு ஒன்று வந்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பைபாஸ் வரிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையும் டில்லிபாபு தலையில்தான் விழுந்தது. பொங்கல் கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் பிரித்தபோது ஆறு வரி இருந்தது. நாலில் யேசுராஜ். ஒன்றில் யேசுராஜுக்குப் பதிலாக வந்த இன்னொரு மெயின்டனன்ஸ் ஆள். ஆறாவது வரி: திங்கட்கிழமை காலை, இரண்டாவது ஸ்டேஷன், ஆள் 1083, அழுத்தம் சைபர், பைபாஸ், பாஸ்.

1083 அவனேதான்.

திங்கட்கிழமை அவன் இரண்டாவது ஸ்டேஷனில் நின்று இருபது பாகம் ஓட்டியது உண்மை. புது பாகத்துக்கு டிரையல். சாவியை அவன் தொடவில்லை. தொடவில்லை என்பது அவனுக்குச் சத்தியமாகத் தெரியும். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்த லாக்கில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முதல் முறையாக நினைத்தான். 2217 என்று வந்தபோது வராத சந்தேகம் 1083 என்று வந்ததும் நொடியில் வந்துவிட்டது. மனுஷப் பிறவி அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் அவனே பிற்பாடு இதை நினைத்து நினைத்துக் குமைந்தான் என்பதால் விடுவதற்கில்லை.

அந்த வரியை வேறு யாரும் பார்க்கவில்லை. அழித்திருந்தால் தெரியாது. அவன் அழிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் திரையில் ஓடவிட்டுப் பார்த்தான். வழக்கம்போல ஆறு நிறம், துல்லியமான வரிகள். மறுநாளும் பார்த்தான். மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு நடுவில் ஒன்று உறைத்தது. லைனில் ஓடும்போது புரோகிராம்கள் திரைக்கா எழுதுகின்றன? கோப்புக்கு அல்லவா எழுதுகின்றன? கோப்புக்கு எழுதும்போது என்ன ஆகிறது என்று அவன் ஒரு நாளும் சோதித்ததில்லை. திரையில் நன்றாகத் தெரிந்தது, அதனால் கோப்பிலும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தான்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். வரியின் தலையிலும் வாலிலும் அந்தந்த ஸ்டேஷனுக்கு ஒரே அடையாளம் வைத்தான். தலையில் நாலு என்றால் வாலிலும் நாலு இருக்க வேண்டும். மெஷின் இல்லாமலே ஆறு புரோகிராமையும் ஆளுக்கு ஆயிரம் வரி எழுதவிட்டான், இந்த முறை நேராகக் கோப்பில். ஆறாயிரம் வரியில் தொண்ணூற்று மூன்று வரிகளில் தலை ஒன்றாகவும் வால் வேறாகவும் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். திரை என்றால் புரோகிராம் ஒவ்வொரு வரியையும் முடிந்த கையோடு அனுப்பிவிடும். கோப்பு என்றால் அப்படி இல்லை. வரிகளைச் சேர்த்துச் சேர்த்து, மூட்டை நிரம்பியதும் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொட்டும். மூட்டை நிரம்புகிற இடம் வரியின் நடுவில் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. நாலாவது ஸ்டேஷனின் மூட்டை ஒரு வரியின் பாதியோடு முடியும். மீதிப் பாதி அடுத்த மூட்டையில் வரும். அதற்குள் ஐந்தாவது ஸ்டேஷன் தன் மூட்டையைக் கொட்டினால், அதன் தொடக்கத்தில் இருக்கும் பாதி வரி வந்து இதன் பாதியோடு ஒட்டிக்கொள்ளும். அவனுடைய வரிகள் எல்லாம் ஒரே நீளம் என்பதால் எல்லா மூட்டையும் ஒரே இடத்தில், ஆளின் நம்பருக்கு அடுத்தாற்போல் அறுந்தன. கோணல் மாணலாக எழுதியிருந்தால் ஒட்டிய இடம் முதல் நாளே பல்லைக் காட்டியிருக்கும். அவன் அழகாக எழுதியதால் இரண்டு வருடம் தெரியாமலே போயிற்று.

நவம்பர் கோப்பைத் திறந்தான். யேசுராஜ் ஐந்தாவது ஸ்டேஷனில் மாதிரித் துண்டை ஓட்டியதன் பாதி வரி மஞ்சுளாவின் பாதியோடு ஒட்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, யேசுராஜின் நம்பரோடு இன்னொருவரின் சாதாரண அழுத்தம் ஒட்டிக் கிடந்தது. மஞ்சுளா அந்தக் காலை ஆறு நாற்பத்திரண்டுக்குச் சோதித்த பாகத்தின் அழுத்தத்தையும் வேறொரு வரியின் வாலில் கண்டுபிடித்தான். முறையாகச் சோதித்திருந்தாள். பாஸ்.

அவன் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

பிறகு எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, கலர் பேனாவால் கோடு போட்டு, பேச்சிராஜிடம் கொண்டுபோனான். அவர் முட்டாள் இல்லை. பத்தே நிமிடத்தில் புரிந்துகொண்டார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு ஷாலின் மேடத்தையும் வரவழைத்தார்.

“அப்ப அந்தப் பிள்ளை செய்யல. அப்படித்தானே சொல்லுதே?”

“ஆமா சார். திரும்ப எடுத்துக்கணும் சார்.”

“எப்படிடே எடுக்கது? லாக் தப்புன்னு சொன்னா, ஒரு வரி தப்புன்னு நிக்குமா? ரெண்டு வருசத்துல போன அத்தனை பிரேக்குக்கும் பதில் சொல்லணும். வித்த வண்டிகளைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லுவான். இந்த லைனையே மூடிருவாவ. அறுநூறு பேரு, நீயும் அதுல ஒருத்தன்.”

“மஞ்சுளா பண்ணலியே சார்.”

ஷாலின் மேடம் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை. “லாக் தப்பாவே இருக்கட்டும். இதுல அவங்களே கைப்பட எழுதியிருக்காங்களே, நானே பைபாஸ் போட்டேன்னு. செய்யாத ஒண்ணை யாராவது இப்படி எழுதுவாங்களா?”

டில்லிபாபு அந்தக் காகிதத்தைப் பார்த்தான். நான்தான் எழுதச் சொன்னேன் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அப்போது பேச்சிராஜ் அவன் தோளில் கை வைத்து, “இதைக் கண்டுபிடிச்சது பெரிய வேலைடே. சத்தம் போடாமச் சரிபண்ணு. உன் இன்ஜினியர் டெசிக்னேசன் விசயம் ரொம்ப நாளா கிடக்கு, நான் பேசுதேன்” என்றார். வந்த வார்த்தையை அவன் மென்று விழுங்கிவிட்டான். பயத்தில் விழுங்கினானா, ஆசையில் விழுங்கினானா என்று அவனுக்கே இன்றுவரை பிடிபடவில்லை.

சரிசெய்ய அரை நாள்கூட ஆகவில்லை. ஒரு வரி முடிந்ததும் உடனே அனுப்பு என்று புரோகிராமுக்கு ஒரு கட்டளை, ஒருவர் எழுதும்போது மற்றவர் காத்திருக்க ஒரு பூட்டு. கோப்பிலேயே சோதிக்கும் சோதனை ஒன்றையும் எழுதி, தினமும் காலையில் தானாக ஓடும்படி வைத்தான். ‘லாக் வேகம் மேம்பாடு’ என்று அதற்குப் பெயர் கொடுத்து, வேலை முறையை மேம்படுத்தியவருக்கு மாதாமாதம் தரும் கைசன் பரிசை அவனுக்கே கொடுத்தார்கள். பிளான்ட் ஹெட் ஒரு ஹாட்பாக்ஸைக் கையில் கொடுத்து நிற்கும் படம் கேன்டீன் போர்டில் ஒட்டியிருந்தது. பங்குனியில் புது அட்டை வந்தது: டெஸ்ட் இன்ஜினியர். பதினேழு வருடத்துக் கனவு. வீட்டில் பாயசம் வைத்தார்கள், அவனுக்கு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஞ்சுளா வீட்டுக்குப் போனான். வெங்கடேசன் கடைக்குப் போயிருந்தான். அவள் ஹாஸ்டலுக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மூட்டையிலிருந்து கடிதம்வரை எல்லாவற்றையும் சொன்னான். புது அட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் தெருவுக்கே தெரிந்த சங்கதிதான்.

அவன் முடித்த பிறகு, அவள் பூண்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு இன்னா ஆயிடிச்சி தெரிமாண்ணா? மொதல்ல நான் போடலன்னு தெரியும். அப்பறம் டிவியில நீ காட்டுன இல்ல, அத்தப் பாத்துட்டு ஒருவேள கை பட்டுச்சோன்னு வந்துது. எழுதிக் குடுத்தப்பறம் நானேதான் போட்டேன்னு ஆயிடிச்சி. சாவிய திருப்புறா மாதிரி கனா வருது. கையில சாவி இருக்கறது கூட தெரியுது. எங்க வூட்டுக்காரருகிட்ட, ஆமா நாந்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். அவரு மூணு மாசமா எங்கிட்ட சரியா பேசறதில்ல.”

“மன்னிச்சிடு மஞ்சு” என்றான் டில்லிபாபு.

“மன்னிப்பு இருக்கட்டும்” என்று அவள் உள்ளே போய் ஒரு முழு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். “எழுதிக் குடு. லாக் தப்பு, மஞ்சுளா போடலன்னு. கோர்ட்டுக்கெல்லாம் போவல. அவருகிட்ட காட்டணும். கான்ட்ராக்டருகிட்ட காட்டுனா எங்கியாச்சும் லைன்ல சேத்துக்குவான்.”

அவன் பேனாவை எடுத்தான். பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் இடது ஓரமாக ‘அனுப்புநர்’ என்று எழுதினான். கீழே தன் பெயரை எழுதினான். பெயருக்குக் கீழே, கை தானாகப் போய், ‘டெஸ்ட் இன்ஜினியர்’ என்று எழுதியது. அதற்குக் கீழே கம்பெனியின் பெயர் வர வேண்டும். அங்கே பேனா நின்றது.

பேச்சிராஜின் கை தோளில் இருந்தது போல இருந்தது. அறுநூறு பேர், கம்பெனி விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று புது அட்டையோடு போட்ட கையெழுத்து, இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வெளியே தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

“மஞ்சு, கம்பெனி மேட்டரு. எழுத்துல குடுக்கறதுன்னா மேல ஒரு வார்த்த கேக்கணும். நாளைக்கு கேட்டுட்டு எழுதித் தரேன்.”

மஞ்சுளா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி, அதில் இருந்த மூன்று வரியையும் படித்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“நான் எழுதறப்ப எந்தக் கம்பெனியக் கேட்டேன்?” என்றாள். “உன்னதானே கேட்டேன்.”